சிங் பேரரசின் சரிவில் வெளிநாட்டு வாணிகமும் போரும்: உடன்படிக்கை மொழியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

1689ஆம் ஆண்டு நெர்ச்சின்ஸ்க் என்னுமிடத்தில் சீனத்தின் சிங் பேரரசும் உருசியப் பேரரசும் ஓர் எல்லை உடன்படிக்கையைச் செய்துகொண்டன. அதன் மூல வடிவம் இலத்தீனில் அமைந்தது. சிங் தரப்புக்கு மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த இயேசு சபைத் துறவியர் இருவர் அதனை உருவாக்குவதில் பங்கேற்றனர். இலத்தீன் இரு தரப்பாரின் ஆட்சிமொழியும் அன்று. ஆகவே அதனை ஏற்பதில் எவருக்கும் இழுக்கு நேரவில்லை. 1858இல் தியன்சின் நகரில் அதே பேரரசு பிரித்தானியாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கை இதற்கு நேர்மாறானது. பொருள் வேறுபாடு எழுமிடத்து ஆங்கில வடிவமே சரியான பொருளைத் தருவதாகக் கொள்ளப்படும் என அதன் 50ஆம் பிரிவு விதித்தது. 1895இல் சப்பானிடம் தோற்றபின் எழுதப்பட்ட சிமொனொசெகி உடன்படிக்கையில், சீன வடிவமும் சப்பானிய வடிவமும் முரண்பட்டால் ஆங்கில வடிவமே முடிவு கூறும் என ஏற்கப்பட்டது. 1901இல் எட்டு நாட்டுப் படைகள் பீகிங்கைக் கைப்பற்றிய பின்னர் எழுதப்பட்ட இறுதி ஆவணத்திற்குப் பிரெஞ்சு வடிவம் மட்டுமே சான்றாயிற்று.

இந்நான்கு ஆவணங்களையும் வரிசையாக நோக்கினால் ஒரு பேரரசு படிப்படியாகத் தளர்ந்த கதை புலப்படும். சிங் பேரரசின் சரிவுக்கு வெளிநாட்டு வாணிகமும் போரும் எவ்வாறு துணைநின்றன என்பதைப் பொருளியல், படையியல் நோக்கில் பலர் ஆராய்ந்துள்ளனர். அந்நிகழ்வுகளின் ஒவ்வொரு கட்டத்திலும் மொழியும் மொழிபெயர்ப்பும் எத்தகைய இடம் பெற்றிருந்தன என்பதையும் உடன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாணிகமும் போரும் மட்டுமே இச்சரிவுக்குக் காரணம் என்பது பொருந்தாது. 18ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை பெரிதும் பெருகியது. விளைநிலமும் நிருவாகமும் அதற்கேற்ப வளரவில்லை. 1796 முதல் 1804 வரை நீடித்த வெண்தாமரைக் கிளர்ச்சியை அடக்கும் முயற்சியிலேயே கருவூலத்தின் இருப்பு பெரும்பகுதி கரைந்தது. அதிகாரிகளிடையே கையூட்டு பரவியிருந்தது. வெளியிலிருந்து வந்த தாக்குதல் இத்தகைய உள்தளர்ச்சியின்மீதே விழுந்தது என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

2. காண்டன் துறைமுகமும் துபாசிகளும்

1757 முதல் ஐரோப்பியரின் கடல்வழி வாணிகம் காண்டன் என்னும் ஒரே துறைமுகத்தில் அடக்கப்பட்டது. அரசின் உரிமம் பெற்ற வணிகர் குழுவினரிடம் மட்டுமே அயல்நாட்டார் வாங்கவும் விற்கவும் இயன்றது. நகர மதிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் ஒதுக்கப்பட்ட பண்டகசாலைகளில், வாணிகப் பருவத்தில் மட்டும் அவர்கள் தங்கலாம். அதிகாரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டுமாயின் அவ்வணிகர்களின் வழியாகவே விண்ணப்பித்தல் வேண்டும்.

இவ்வமைப்பில் 'துங்ஷி' எனப்பட்ட உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தனர். கும்பினி ஆட்சிக்காலத்தில் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருந்த துபாசிகளோடு இவர்களை ஒருவாறு ஒப்பிடலாம். ஆங்கிலேயர் இவர்களை 'லிங்குவிஸ்ட்' என்றழைத்தனர். பிற்காலத்தில் மொழியியலாளரைக் குறிக்கும் இச்சொல், ஐரோப்பிய மொழி எதனையும் எழுதவோ படிக்கவோ அறியாத இவர்களுக்கு அன்று வழங்கியது. கப்பலை அளப்பது, சுங்கத் தாள்களை எழுதுவது, வரித் தொகையைக் கணக்கிடுவது ஆகியனவே இவர்களின் முதன்மைப் பணிகள். பேச்சு முழுவதும் காண்டன் பிட்ஜின் என்னும் கலப்பு வாணிகமொழியில் நடைபெற்றது.

ஆங்கில, போர்த்துகீசியச் சொற்களைக் காண்டனியத் தொடரமைப்பில் கோத்த இம்மொழியில் இந்தியச் சொற்களும் கலந்திருந்தன. முத்திரையிட்ட ஆவணத்தைக் குறித்த 'சாப்' இந்துஸ்தானிச் சொல். நாணயத்தின் தரம் பார்ப்பவரைக் குறித்த 'ஷிராப்' அரபிலிருந்து இந்திய மொழிகளின் வழியாகச் சென்ற சொல். சீன அதிகாரியைக் குறிக்கும் 'மாண்டரின்' என்பதும் சீனச் சொல் அன்று. வடமொழி 'மந்திரி' மலாய் மொழிக்குச் சென்று, அங்கிருந்து போர்த்துகீசியர் வாயிலாகப் பரவிய வடிவம் அது. 'பிட்ஜின்' என்ற பெயரே 'பிசினஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பது பலர் உடன்படும் கருத்து.

எளிய கொள்வினை கொடுப்பினைக்கு இம்மொழி போதுமானதாக இருந்தது. ஆயினும் அரசியற் கருத்துகளைப் பரிமாறிக்கொள்ள இது உதவவில்லை. சீனமொழியை அயலார் கற்பதை அரசும் விரும்பவில்லை. 1759இல் கும்பினியின் சார்பில் ஜேம்ஸ் பிளின்ட் என்பார் வடக்கே தியன்சின் வரை சென்று, காண்டன் அதிகாரிகளின் முறைகேடுகளைப் பற்றிச் சீனத்தில் எழுதிய முறையீடு ஒன்றைப் பேரரசருக்குச் சேர்ப்பித்தார். முறையீட்டை விசாரித்த அரசு, பிளின்ட்டை மூன்றாண்டுகள் மக்காவில் சிறையிட்டது. அதனை எழுதிக்கொடுத்த சீனருக்கு மரண தண்டனை விதித்தது. பேரரசின் நோக்கில் மொழியைக் காப்பது எல்லையைக் காப்பதன் ஒரு பகுதி. இக்கொள்கையின் மறுபக்கமும் உண்டு. அயல்மொழியை எழுத்தறிவோடு கற்ற அதிகாரிகளைப் பேரரசு தன் பங்கிற்குப் போதிய அளவில் உருவாக்கவில்லை. போர் வந்தபோது இக்குறையின் விலை தெரியவந்தது.

3. தேயிலை, வெள்ளி, அபினி

தமிழில் வழங்கும் 'தேயிலை' என்னும் சொல்லின் முற்பகுதி, தென்சீனத்தின் அமாய் துறைமுக வட்டார வழக்கான 'தே' என்பதாகும். 'சாயா' என்பதன் மூலமான 'சா' பிற சீன வழக்குகளுக்கு உரியது. ஒரே இலையின் இரு பெயர்களும் அது பரவிய இருவேறு வணிக வழிகளைக் காட்டுவன. இவ்விலையே பிரித்தானியாவின் சீன வாணிகத்திற்கு அச்சாணியாக விளங்கியது. 1784இல் பிரித்தானிய அரசு தேயிலை வரியை ஏறத்தாழ 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைத்தபின் அதன் நுகர்வு விரைந்து பெருகியது. சீனர் விரும்பி வாங்கத்தக்க பொருள் பிரித்தானியரிடம் மிகுதியாக இல்லாமையால் தேயிலைக்கு ஈடாக வெள்ளி நாணயங்கள் காண்டனுக்குச் சென்றன.

இப்பற்றாக்குறையைச் சரிசெய்த பொருள் அபினி. 1773இல் வங்காள அபினியைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்ட கும்பினி, பீகாரிலும் காசிப் பகுதியிலும் உழவர்களுக்கு முன்பணம் தந்து கசகசாச் செடியைப் பயிரிடச் செய்து, விளைந்த அபினியைக் கல்கத்தாவில் ஏலத்தில் விற்றது. சீனத்தில் அபினி விற்பனை 1729 முதலே தடைசெய்யப்பட்டிருந்தது. ஆகவே கும்பினி தன் கப்பல்களில் அதனை ஏற்றாமல் தனி வணிகரிடம் ஏலத்திலேயே கைமாற்றியது. கடத்தல் அவர்களின் பொறுப்பாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 பெட்டிகளாக இருந்த வரத்து 1838இல் 40,000 பெட்டிகளை எட்டியதாக மதிப்பிடுவர். வங்காள அபினிப் பெட்டி ஒன்றின் எடை ஏறத்தாழ 63 கிலோகிராம்.

இதன் விளைவு உடல்நலக் கேட்டோடு நிற்கவில்லை. சீன உழவர் அன்றாடக் கொள்வினைக்குச் செப்புக் காசைப் பயன்படுத்தினர்; நிலவரியோ வெள்ளியில் கணக்கிடப்பட்டது. வெள்ளி நாட்டைவிட்டு வெளியேறத் தொடங்கியதும் அதன் மதிப்பு ஏறியது. ஒரு 'டேல்' எடை வெள்ளிக்கு, அதாவது சுமார் 37 கிராமுக்கு, 1,000 செப்புக் காசுகள் என்பது அரசு வகுத்த அளவு. 1830களின் இறுதியில் அது 1,600 காசுகளைக் கடந்தது. அடுத்த பத்தாண்டுகளில் 2,000ஐயும் தாண்டியது. வரி விகிதம் உயராமலே உழவரின் வரிச்சுமை ஏறத்தாழ இருமடங்காயிற்று. வரி நிலுவை பெருகியது; ஊர்தோறும் கலகங்கள் தோன்றின. இலத்தீன் அமெரிக்க விடுதலைப் போர்களால் உலக வெள்ளி உற்பத்தி குன்றியதும் இதற்கு ஒரு காரணம் என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். எனினும் அக்காலச் சீன அதிகாரிகள் அபினியையே காரணமாகக் கண்டனர். அரசின் முடிவுகளும் அக்கருத்தின் அடிப்படையிலேயே அமைந்தன.

4. முதல் அபினிப் போரும் நான்கிங் உடன்படிக்கையும்

1839 மார்ச்சில் பேரரசரின் சிறப்பு ஆணையராகக் காண்டன் வந்த லின் செஷு, 20,283 பெட்டி அபினியைக் கைப்பற்றி ஜூன் மாதத்தில் ஹூமன் கடற்கரையில் அழித்தார். அவர் மொழிபெயர்ப்பின் தேவையை உணர்ந்த முதல் உயர் அதிகாரி என்பது இங்குக் கருதத்தக்கது. பினாங்கிலும் மலாக்காவிலும் கிறித்தவப் பள்ளிகளில் பயின்ற சீனர் சிலரைத் தம் அலுவலகத்தில் அமர்த்தி, ஆங்கிலச் செய்தித்தாள்களையும் புவியியல் நூலையும் பன்னாட்டுச் சட்டம் பற்றிய வாட்டெலின் நூற்பகுதிகளையும் சீனத்தில் பெயர்க்கச் செய்தார். விக்டோரியா அரசிக்கு அவர் எழுதிய மடலின் ஆங்கில வடிவத்தை அமெரிக்க வணிகர் ஒருவரைக் கொண்டு மீண்டும் சீனத்தில் பெயர்க்கச் செய்து, பொருள் பிறழாமையைச் சரிபார்த்தார். மொழிபெயர்ப்பாளர் இன்று மீள்பெயர்ப்பு எனக் கூறும் உத்தியே இது. ஆயினும் இம்முயற்சி காலம் கடந்து வந்தது. ஓர் ஆணையரின் தனி முயற்சியாகவே அது நின்றது.

அழிக்கப்பட்ட அபினிக்கு ஈடு கோரிப் பிரித்தானியா போர் தொடுத்தது. இரும்பால் அமைந்த நீராவிப் போர்க்கப்பல் ஆழமற்ற ஆறுகளிலும் ஏறிச் சென்றது. சென்னை மாகாணப் படைப்பிரிவுகளும் இப்போரில் பங்கேற்றன. 1841 மே மாதம் காண்டனுக்கு அருகில் சென்னைப் படையின் 37ஆம் பிரிவைச் சேர்ந்த சிப்பாய்கள் மழையில் துப்பாக்கி நனைந்து செயலிழந்த நிலையில் ஊர்மக்களால் சூழப்பட்ட நிகழ்ச்சி, பிற்காலச் சீன வரலாற்று நூல்களில் மக்கள் எதிர்ப்பின் அடையாளமாகப் போற்றப்படுவது. எனினும் போரின் முடிவு அங்குத் தீர்மானிக்கப்படவில்லை. தெற்கின் தானியத்தைத் தலைநகருக்குக் கொண்டுசெல்லும் பெருங்கால்வாய் யாங்சி ஆற்றைக் கடக்குமிடத்தைப் பிரித்தானியர் கைப்பற்றியதும் பேரரசு பணிந்தது.

1842 ஆகஸ்ட் 29 அன்று கையெழுத்தான நான்கிங் உடன்படிக்கையின்படி 2 கோடியே 10 இலட்சம் வெள்ளி டாலர் இழப்பீடாக விதிக்கப்பட்டது. ஹாங்காங் தீவு பிரித்தானியாவுக்குச் சென்றது. ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. காண்டன் வணிகர் குழுவின் தனியுரிமை ஒழிந்தது. பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்புப் பணி முழுவதும் பிரித்தானியத் தரப்பின் மொழிபெயர்ப்பாளர்களான ஜான் ராபர்ட் மாரிசன், கார்ல் குட்ஸ்லாப், ராபர்ட் தாம் ஆகியோரிடமே இருந்தது. ஆங்கில வடிவத்தைப் படித்துச் சரிபார்க்கத்தக்கவர் சிங் தரப்பில் எவருமிலர்.

இரு வடிவங்களும் ஓரிடத்தில் வேறுபட்டன. பிரித்தானியக் குடிமக்கள் ஐந்து இடங்களின் நகரங்களிலும் ஊர்களிலும் வாழலாம் என்றது ஆங்கில வடிவத்தின் 2ஆம் பிரிவு. சீன வடிவமோ, குடிமக்கள் ஐந்து துறைமுகங்களில் தங்கலாம் என்றும், தூதரக அதிகாரிகள் அவ்வைந்திடங்களின் நகரங்களில் வாழலாம் என்றும் இரண்டாகப் பிரித்துரைத்தது. ஆங்கிலத்தின்படி காண்டன் மதிலுக்குள் வணிகர் நுழைவது உரிமை. சீனத்தின்படி அவர்களுக்கு உரியது கரையோரப் பகுதி மட்டுமே. எவ்வடிவம் முந்தியது என்ற விதி இவ்வுடன்படிக்கையில் இல்லை. காண்டன் மக்கள் அயலாரை நகருக்குள் விட மறுத்தனர். 1849 வரை நீண்டு, அதன்பின்னும் தீராமல் நின்ற இச்சிக்கல் இரண்டாம் போருக்கு இட்டுச்சென்ற காரணங்களுள் ஒன்றாயிற்று. இரு சொற்களுக்கிடையிலான வேறுபாடு பதினைந்தாண்டுக் காலப் பகையை ஊட்டி வளர்த்தது எனலாம்.

5. தைப்பிங் கிளர்ச்சி

ஐந்து துறைமுகங்கள் திறந்ததும் தேயிலை, பட்டு வாணிகம் விளைவிடங்களுக்கு அணித்தான ஷாங்காய்க்கு மாறத் தொடங்கியது. மலைப்பாதைகளிலும் ஆற்றுவழிகளிலும் காண்டனுக்குச் சுமைகொண்டு வந்த சுமைகாரரும் படகோட்டிகளும் பிழைப்பிழந்தனர். பிரித்தானியக் கடற்படையால் துரத்தப்பட்ட கடற்கொள்ளையர் குவாங்சி மாநிலத்தின் ஆறுகளுக்குள் புகுந்தனர். வேலைதேடிய தென்சீனத்தார் பலர் அமாய் முதலிய துறைமுகங்களிலிருந்து கடல்கடந்து அனுப்பப்பட்டனர். இவர்களைக் குறித்த 'கூலி' என்னும் சொல் தமிழிலிருந்து ஐரோப்பியர் வழியாகப் பரவியது என்பது பலர் கருத்து. குஜராத்தின் கோலி இனப்பெயரை மூலமாகக் கொள்வாரும் உளர். சீனத்தில் இச்சொல் ஒலியும் பொருளும் இயையுமாறு 'கசப்பு', 'வலிமை' என்னும் பொருள்தரும் இரு எழுத்துகளால் எழுதப்படுகிறது.

இச்சூழலில் 1851இல் குவாங்சியில் வெடித்த தைப்பிங் கிளர்ச்சி 1864 வரை நீடித்தது. இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் இதில் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. இதன் தலைவர் ஹுங் ஷியூசுவான், அரசுத் தேர்வில் பன்முறை தோற்றவர். மாரிசனின் விவிலிய மொழிபெயர்ப்பைத் தழுவி லியாங் பா என்னும் சீனக் கிறித்தவர் எழுதி 1832இல் அச்சிட்ட நூல் ஒன்றை அவர் பயின்றார். தம் பெயரில் உள்ள 'சுவான்' என்னும் எழுத்து அந்நூலில் 'முழுமை' என்ற பொருளில் வந்த இடங்களை அவர் தம்மையே சுட்டுவதாகக் கொண்டார். விண்ணரசு என்பதற்கு வழங்கிய 'தியன்குவோ' என்னும் பெயர்ப்பு அவரிடத்து மண்ணில் அமையவேண்டிய ஓர் அரசின் பெயராயிற்று. பெயர்ப்பாளர் கைவிட்ட நூல் படிப்பவர் கையில் என்னவாகும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று அரிது.

கிளர்ச்சியை அடக்கும் ஆற்றல் மஞ்சு நிலைப்படைக்கு இல்லை. செங் குவோபான், லி ஹுங்சாங் முதலிய மாநிலத் தலைவர்கள் தம் ஊரார்களைக் கொண்டு தனிப்படைகள் திரட்டினர். 1853 முதல் வணிகச் சரக்குகளின்மீது வழிவரி ஒன்றை மாநிலங்கள் தண்டின. படையும் பணமும் இவ்வாறு நடுவண் அரசின் கையிலிருந்து மாநிலங்களின் கைக்கு நழுவின. பேரரசு பிழைத்தது, ஆயினும் அதன் உள்கட்டு மீண்டும் முன்போல் இறுகவில்லை.

6. இரண்டாம் போரும் 'யி' என்னும் சொல்லும்

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே 1856இல் இரண்டாம் அபினிப் போர் தொடங்கியது. 1858 ஜூனில் தியன்சின் உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. அவற்றை நடைமுறைப்படுத்துவதில் எழுந்த பூசலால் 1860இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பீகிங்கை அடைந்து பேரரசரின் கோடைக்கால அரண்மனையைத் தீக்கிரையாக்கின. தப்பிச்சென்ற பேரரசர் மறு ஆண்டு உயிர்துறந்தார். 1858ஆம் ஆண்டின் சுங்க விதிகள் அபினி வரத்தையும் சட்டப்படி ஏற்றன.

பிரித்தானியாவுடனான தியன்சின் உடன்படிக்கையின் 51ஆம் பிரிவு மொழியியலார்க்குத் தனிச் சிறப்புடையது. சீன அரசு ஆவணங்களில் பிரித்தானிய அரசையோ குடிமக்களையோ குறிக்க 'யி' என்னும் எழுத்தை இனிப் பயன்படுத்தலாகாது என்று அது தடைவிதித்தது. ஒரு நாட்டின் எழுத்து வழக்கிலுள்ள தனிச்சொல் ஒன்றை மற்றொரு நாடு உடன்படிக்கையால் விலக்கிய நிகழ்ச்சி இது.

பண்டை நூல்களில் 'யி' கிழக்குத் திசை மக்களையும் பொதுவாக அயலாரையும் குறித்தது. மாரிசனின் அகராதியும் கும்பினியின் தொடக்ககாலப் பெயர்ப்புகளும் இதற்கு 'அயல்நாட்டார்' என்றே பொருள்கொண்டன. 1830களில் நிலை மாறியது. 1832இல் ஷாங்காய் சென்ற கும்பினி அலுவலர் லின்ட்சே, இச்சொல் இழிவுடையது என்று வாதிட்டார்; தொல்பேரரசர் ஷுன் என்பாரையே மென்சியசு 'யி' எனக் குறித்துள்ளதால் இழிவில்லை என்று உள்ளூர் அதிகாரி விடைகூறினார். 1834இல் வாணிகக் கண்காணிப்பாளராக வந்த நேப்பியர் பிரபுவின் பதவியைக் காண்டன் ஆவணங்கள் 'யி-மு' என்று குறித்தன. அயலாரின் தலைவர் என்பதே அதன் கருத்து. 'மு' என்பதற்குக் கண் என்ற பொருளும் உண்டு. ஆங்கிலப் பெயர்ப்பில் இது 'காட்டுமிராண்டிக் கண்' என்றாகி இலண்டனில் சினத்தை மூட்டியது.

'யி' முற்றிலும் நடுநிலையான சொல் என்றும் கூறுவதற்கில்லை. மையத்தில் நாகரிகமும் விளிம்பில் அயலாரும் என்ற உலகநோக்கு அதனுள் பொதிந்திருந்தது. மஞ்சு மரபினரையே அவர்தம் எதிரிகள் 'யி' என்று பழித்தனர். அப்பழியை மறுத்து, இச்சொல் பிறப்பிடத்தைச் சுட்டுவதன்றித் தகுதியைச் சுட்டுவதன்று என 1730இல் வெளிவந்த நூலில் யுங்செங் பேரரசர் வாதிட்டார். ஆக, இச்சொல்லின் பொருள் சீனத்துக்குள்ளேயே வழக்காடப்பட்ட ஒன்று. பல பொருள் நிழல்களுடைய ஒரு சொல்லுக்கு ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை நிகராக்கி, அந்நிகரையே அதன் மெய்ப்பொருளாக உடன்படிக்கை உறுதிசெய்தது. அகராதியின் பணியைப் படைவலிமை செய்துமுடித்தது.

50ஆம் பிரிவு இதனினும் ஆழமான விளைவுடையது. பிரித்தானியத் தூதர்களின் கடிதங்கள் இனி ஆங்கிலத்தில் எழுதப்படும். தற்காலிகமாகச் சீன வடிவமும் உடனிருக்கும். வேறுபாடு எழின் ஆங்கிலமே சரியெனக் கொள்ளப்படும். இதனைச் சீன வடிவம், சீன அரசு மாணவர்களைத் தேர்ந்து ஆங்கிலம் பயிற்றி அவர்கள் தேர்ச்சி பெறும்வரை என்று விரித்துரைக்கின்றது. தான் எதற்கு உடன்பட்டது என்பதைத் தன் மொழியில் படித்து முடிவுசெய்யும் உரிமையைப் பேரரசு இதனால் இழந்தது.

பிரெஞ்சு உடன்படிக்கையில் நடந்தது வேறுவகைப் பிழை. 1860ஆம் ஆண்டு பீகிங் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவில், பிரெஞ்சுச் சமயப் பணியாளர் எல்லா மாநிலங்களிலும் நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்பலாம் என்ற தொடர் சீன வடிவத்தில் மட்டும் காணப்பட்டது. பிரெஞ்சு வடிவத்தில் அது இல்லை. மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய சமயப் பணியாளர் ஒருவரின் இடைச்செருகல் இது என்பது வரலாற்றாசிரியர் கருத்து. பிரெஞ்சு வடிவமே சான்று என்ற விதிப்படி இத்தொடர் செல்லாது. ஆயினும் அதனைக் கண்டுகூறும் நிலையில் அன்றைய சிங் அலுவலகம் இல்லை. அயலார் உட்பகுதிகளில் நிலம் வாங்கியதால் எழுந்த பூசல்கள் 1900ஆம் ஆண்டின் பாக்சர் கிளர்ச்சி வரை தொடர்ந்தன.

7. கற்றலும் காலத்தாழ்வும்

50ஆம் பிரிவின் நேர்விளைவாக 1862இல் பீகிங்கில் 'துங்வென்குவான்' என்னும் மொழிப்பள்ளி நிறுவப்பட்டது. ஆங்கிலமும், தொடர்ந்து பிரெஞ்சும் உருசியமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. 1864இல் அமெரிக்க மறைப்பணியாளர் மார்ட்டின், வீட்டனின் பன்னாட்டுச் சட்ட நூலைச் சீன அறிஞர் துணையோடு பெயர்த்து வெளியிட்டார். உரிமை, இறையாண்மை ஆகிய கருத்துகளுக்கு அதில் ஆளப்பட்ட 'சுவான்லி', 'சூசுவான்' என்னும் சொற்கள் சீனத்தில் நிலைபெற்றன, சப்பானியத்திலும் புகுந்தன. அதே ஆண்டில் பிரஷ்யா சீனக் கடலில் தென்மார்க்குக் கப்பல்களைப் பிடித்தபோது, இளவரசர் குங் இந்நூலின் விதிகளைக் காட்டி மறுப்புரைத்து அவற்றை விடுவிக்கச் செய்தார். ஒரு மொழிபெயர்ப்பு நூல் உடனடியாகப் பயன்தந்த அரிய நிகழ்ச்சி இது.

எனினும் நிருவாகத்தின் நரம்புகள் அயலார் கைக்குச் சென்றுகொண்டிருந்தன. சுங்க வரி ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தப்படாதவாறு உடன்படிக்கைகளால் கட்டுண்டிருந்தது. சுங்கத்துறையின் தலைமையில் 1863 முதல் ராபர்ட் ஹார்ட் இருந்தார். அத்துறை ஒழுங்காக நடைபெற்றது, வருவாயும் பெருகியது. ஆனால் அவ்வருவாயின் பெரும்பகுதி இழப்பீட்டுக்கும் கடனுக்கும் பிணையாயிற்று.

8. இழப்பீடு, கடன், முடிவு

1894-95ஆம் ஆண்டுகளின் போரில் சப்பானிடம் அடைந்த தோல்வி பேரரசின் நிதிநிலையை முறித்தது. 20 கோடி டேல் இழப்பீடு, லியாவ்துங் தீபகற்பத்தை மீட்க மேலும் 3 கோடி டேல், தைவானின் இழப்பு ஆகியவை அதன் விலை. நடுவண் அரசின் ஈராண்டு வருவாயையும் விஞ்சிய இத்தொகைக்காக ஐரோப்பிய வங்கிகளிடம் கடன் வாங்கப்பட்டது. சீன எழுத்துகளைப் பொதுவாகக் கொண்ட இரு நாடுகள் தம் உடன்படிக்கைக்கு ஆங்கிலத்தை நடுவராக ஏற்றது, கிழக்காசியாவில் மொழிகளின் தரவரிசை எந்த அளவுக்கு மாறியிருந்தது என்பதைக் காட்டுகின்றது.

இத்தோல்வியின் அதிர்ச்சியில்தான் யான் பூ, ஹக்ஸ்லியின் நூலைத் தழுவிப் பெயர்த்து 1898இல் வெளியிட்டார். மெய்ம்மை, தெளிவு, நயம் என அவர் அதன் முன்னுரையில் வகுத்த மூன்று பண்புகள் சீன மொழிபெயர்ப்புக் கோட்பாட்டின் அடிப்படையாயின. இங்கிலாந்தில் கடற்படைக் கல்வி பயின்றவர் அவர் என்பது நினைக்கத்தக்கது. போர்க்கலை கற்கச் சென்றவர் மொழிபெயர்ப்பாளராகத் திரும்பினார்.

1901ஆம் ஆண்டின் பாக்சர் ஆவணம் 45 கோடி டேல் இழப்பீட்டை 4 விழுக்காட்டு வட்டியுடன் 39 ஆண்டுகளில் செலுத்துமாறு விதித்தது. இதனை ஈடுகட்ட மாநிலங்கள்மீது சுமத்தப்பட்ட வரிகள் மக்களின் வெறுப்பை வளர்த்தன. 1911இல் இருப்புப்பாதைகளை அயல்நாட்டுக் கடனால் அரசுடைமையாக்கும் முடிவு சிச்சுவானில் கிளர்ச்சியைத் தூண்டியது. அக்டோபர் 10 அன்று ஊசாங்கில் படைவீரர் புரட்சி செய்தனர். 1912 பிப்ரவரி 12 அன்று கடைசிப் பேரரசரின் பெயரால் முடிதுறப்பு அறிவிக்கப்பட்டது.

9. முடிவுரை

வெளிநாட்டு வாணிகம் வெள்ளியின் வழியாக உழவரின் வரிச்சுமையைக் கூட்டியது. போர் இழப்பீட்டின் வழியாகக் கருவூலத்தை வெறுமையாக்கியது. இரண்டும் சேர்ந்து தூண்டிய உள்நாட்டுப் போர் அதிகாரத்தை மாநிலங்களுக்குப் பிரித்தளித்தது. சிங் பேரரசின் சரிவில் இம்மூன்றும் ஒன்றையொன்று வளர்த்தன. இவற்றினூடே ஓடும் நான்காவது இழை மொழி. காண்டனில் மொழியறிவைக் கட்டுப்படுத்திய பேரரசு, நான்கிங்கில் எதிரியின் மொழிபெயர்ப்பாளரை நம்ப நேர்ந்தது; தியன்சினில் பொருள்கூறும் உரிமையையே இழந்தது.

மொழிபெயர்ப்பாளர் எவரும் இப்பேரரசை வீழ்த்தவில்லை. பீரங்கியும் வெள்ளியும் செய்த வேலையை உடன்படிக்கை வடிவங்கள் நிலைப்படுத்தின, அவ்வளவே. ஆயினும் 'நகரம்', 'துறைமுகம்' என்னும் இரு சொற்களின் வேறுபாடும் 'யி' என்னும் ஓரெழுத்துக்குக் காணப்பட்ட நிகரும் பிரெஞ்சு வடிவத்தில் இல்லாத ஒரு தொடரும் மக்கள் வாழ்வில் ஏற்படுத்திய விளைவுகள் சிறியன அல்ல. ஈருமொழி ஆவணங்களைக் கையாள்வோர் எச்சொல்லைத் தேர்வது என்பதோடு, வேறுபாடு எழும்போது எவ்வடிவத்தைக் கொண்டு பொருள்காண்பது, அதனை முடிவுசெய்பவர் யார் என்னும் வினாக்களையும் தொடக்கத்திலேயே எழுப்பிக்கொள்ள வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.